நாலு விரல் பிரேக்

அந்த எண்ணம் எனக்கு உதித்த இடம் ஒரு பட்டுப்புடவைக் கடை. அக்காவின் முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருந்தோம். அம்மாவும் அக்காவும் அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசத்தை மதியம் வரை ஆராய்ந்துகொண்டிருக்க (எனக்குத் தெரிந்து இரண்டும் ஒன்றுதான், வாயைத் திறக்கவில்லை), நான் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் ஒருவர் பழைய மலை சைக்கிளின் பிரேக் லிவர்களை விற்பனைக்குப் போட்டிருந்தார். நான் பிறப்பதற்கு முன்னால் செய்தவை. கறுப்பு அலுமினியம், நாலு விரலும் தாராளமாக உட்காரும் நீளம், மெதுவாக வெளிப்பக்கம் வளைந்து, நுனியில் கோலிகுண்டு மாதிரி ஒரு உருண்டை. உடனே விலை கேட்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன்.

ஒரே சிக்கல். அவரிடம் இரண்டு ஜோடி இருந்தது. கொடுத்தால் சேர்த்துத்தான் கொடுப்பாராம். என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள்.

அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி, "எப்படிடா இருக்கு?" என்றாள். நான் பார்த்தது புடவையை அல்ல, அதன் ஓரத்தைப் பிடித்திருந்த அவள் கையை. அக்காவிடமும் ஒரு பழைய மலை சைக்கிள் உண்டு! "பிரமாதம்க்கா" என்றேன், மனமுருகி. என் குரலில் இருந்த உண்மையைக் கேட்டு அந்தப் புடவையையே எடுத்துவிட்டார்கள். அது என்ன நிறம் என்று கல்யாணத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிள்காரர்கள் எல்லாம் வேகத்தின் மேல் காதல் கொண்டவர்கள் என்று உலகம் நினைக்கிறது. நான் சுத்தமான பயந்தாங்கொள்ளி. சிங்காநல்லூர் மேம்பாலத்தில் இறங்கும்போதே குலதெய்வத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். மற்றவர்கள் சைக்கிளில் கியரைப் பார்ப்பார்கள், சக்கரத்தைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது, இது நிற்குமா என்பதை மட்டும். அந்தப் பயம்தான் வளர்ந்து ரசனையாகிவிட்டது.

இப்போது வரும் சைக்கிள்களில் லிவர் ஒரு விரலுக்கு, அதிகம் போனால் இரண்டு விரலுக்கு. மிச்ச விரல்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு அது பிடிக்காது. உயிர் போகிற நேரத்தில் இரண்டு விரலை வேலைக்கு அனுப்பிவிட்டு மற்ற இரண்டை வேடிக்கை பார்க்கச் சொல்வதா? நாலு விரல் லிவர் என்பது வேறு. அதைப் பிடிப்பது நம்பிக்கையான ஒருவரோடு கைகுலுக்குவது மாதிரி. பம்பு கம்பெனியில் நான் வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மீட்டிங்கில் மேனேஜர் பேசும்போது மேஜைக்கு அடியில் என் விரல்கள் இல்லாத லிவரை அமுக்கிக்கொண்டிருக்கும். எங்கே சைக்கிள் நின்றாலும் லிவரை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பேன். கம்பெனி ஸ்டாண்டில் ஒருநாள் காவலாளி என்னைக் கையும் லிவருமாகப் பிடித்தார். "ஏனுங்க தம்பி, காத்து எறக்கறீங்களா?" என்றார். லிவரின் வளைவைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவர் சைக்கிளை நகர்த்தி வைத்துவிடுவார்.

பார்சல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு சைக்கிளிலும் மாட்டிவிட்டேன். எங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். அமுக்கினால் சுவரில் முட்டியது மாதிரி நின்றது. ஆனந்தக் கண்ணீர் ஒன்றுதான் பாக்கி.

அக்காவைக் கூப்பிட்டுப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். என் அக்கா பல் டாக்டர். அவள் கை சின்னது. அடுத்தவர் வாய்க்குள் போய் வேலை செய்துவிட்டு வருகிற கை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு விரல்களை நீட்டினாள். லிவரை நுனி மட்டுமே தொட்டது.

"எட்டலடா."

"பழகிரும்க்கா."

"விரலு பழகுனா வளருமாடா?"

அது ரசனையில்லாதவர்களின் கேள்வி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆயுத பூஜை. கோயமுத்தூரில் அது சாமானியப் பண்டிகை அல்ல. பட்டறை, மில், லேத்து என்று ஊரே கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டில் கிரைண்டர், மிக்சி, ஸ்கூட்டர், இஸ்திரிப் பெட்டி, அக்காவின் பல் பிடுங்கும் சாமான்கள், என் மடிக்கணினி, எல்லாம் வரிசையாக வைக்கப்படும். அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரும்பாக இருப்பது எதுவானாலும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால்தான் சாமிக்கு முன்னால் வைக்கலாம்.

சைக்கிள் பக்கம் அம்மா குங்குமக் கிண்ணத்தோடு வந்தபோது நான் குறுக்கே விழுந்தேன். குங்குமம் லிவரின் இணைப்பில் இறங்கினால் உள்ளே கரகரக்கும். "லிவர்ல மட்டும் வேண்டாம்மா" என்று கெஞ்சி, நாலு லிவருக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டினேன். அம்மா மற்ற இடங்களைக் கவனித்துக்கொண்டாள்.

"சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் எண்ணெய் போட்டுத் தொடச்சுப்போட்டேன் கண்ணு. எப்படி மின்னுது பாரு."

பார்த்தேன். மின்னியது. "சூப்பர்ம்மா" என்றேன். பிறகு உறையைக் கழற்றி, லிவரை அருகில் வைத்து, பின்னணியில் ரிம் தங்கமாய் மினுங்க ஒரு படம் எடுத்து எங்கள் பழைய சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாராட்டுகள் குவிந்தன. நான் படித்தது இயந்திரவியல். உராய்வைப் பற்றி இரண்டு பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். பிரேக் கட்டை போய்ப் பிடிக்க வேண்டிய இடம் அந்த ரிம்தான் என்பது அந்த நிமிடம் என் மண்டையில் எந்த அறையிலும் இல்லை.

பூஜையில் வைத்ததை அன்று எடுத்து ஓட்டக் கூடாது. மறுநாள் விஜயதசமியில்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆகவே யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. நின்ற இடத்தில் மட்டும் நான் பல தடவை அமுக்கிப் பார்த்துப் பூரித்தேன். நின்ற வண்டியில் எல்லா பிரேக்கும் பிடிக்கும்.

விஜயதசமிக்குக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்குவது என்று திட்டம். சைக்கிள்களை மேலே ஏற்றிச் செல்ல வண்டி கொடுத்தவர் செந்தில் மாமா, அதாவது அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. பெரியநாயக்கன்பாளையத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார், ஒரு குட்டியானை சரக்கு வண்டியும் உண்டு. அவருக்கு சைக்கிளில் துளி ஆர்வம் கிடையாது. ஐப்பசியில் கல்யாணம், அதற்குள் அக்காவை ஒரு தடவை பார்த்துப் பேச இதைவிட மரியாதையான வழி அவருக்குக் கிடைக்கவில்லை. தம்பி கூடப் போகிறான் என்பதால் அம்மாவும் சம்மதித்தாள். புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கல்யாணப் பொண்ணு. அவ மேல ஒரு கீறல் இல்லாம கூட்டியாந்து சேர்த்துப்போடு. இல்லீன்னா நீ ஊட்டுப் பக்கம் வர வேண்டாம்."

அம்மா இதைச் சிரிக்காமல் சொன்னாள். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. முறிந்த கையோடு ஒரு மணமகளை மேடையில் உட்கார வைத்த காட்சி எனக்கு மேட்டுப்பாளையம் ரோடு முழுவதும் கண்ணுக்குள் ஓடியது. (மாமாவும் அக்காவும் முன் இருக்கையில். நான் பின்னால் சைக்கிள்களோடு. காவலுக்கு வந்தவன், சரக்காகப் போனேன்.)

கோத்தகிரி ஊருக்குள் போகாமல், கொஞ்சம் கீழேயே இறக்கிவிட்டார். மூடுபனி. ரோட்டில் ஈரம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. மாமா வண்டியைத் திருப்ப மேலே இடம் தேடிக் கிளம்பிக்கொண்டே, "நீங்க எறங்குங்க மச்சான், பின்னாடியே வாரேன்" என்றார். அக்கா காத்திருக்கவில்லை. ஏறி மிதித்துப் பனிக்குள் போய்விட்டாள். நான் ஏன் கூடவே போகவில்லை? பனி விலகக் காத்திருந்து, லிவருக்குப் பின்னால் பள்ளத்தாக்கு வருகிற மாதிரி விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கிளம்பினேன். ரோடு சரிந்தது. வேகம் பிடித்தது. வழக்கம்போலப் பயந்து, வழக்கம்போல அமுக்கினேன். நாலு விரலும் சேர்ந்து அந்த வளைவில் அமர்ந்தன. லிவர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. என்ன மென்மை, என்ன நயம் என்று வியந்தேன். சத்தியமாக வியந்தேன். அந்த வியப்பு முடிவதற்குள் முதல் வளைவு வந்துவிட்டது. சைக்கிள் நிற்கவில்லை. குறையக்கூட இல்லை.

இன்னும் பலமாக அமுக்கினேன். லிவர் கைப்பிடியோடு ஒட்டியது. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. சூடான தேங்காய் எண்ணெய். உக்கடத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற கடை முன்னால் நிற்பது போல, ஆளில்லாத மலைப் பாதையில், என் முன் சக்கரத்திலிருந்து.

அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. ரெண்டு பக்கமும் எண்ணெய் போட்டுத் தொடச்சுப்போட்டேன் கண்ணு.

வளைவை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள், கண் மூடியிருந்தது. வலது காலைத் தரையில் தேய்த்தேன், செருப்பு கழன்று பறந்தது. எதிரே ஒரு பேருந்து ஏறி வந்தது. எங்கள் ஊர் வளர்ப்பு உயிர் போகும்போதும் போகாது. "ஏனுங், பிரேக் இல்லீங், கொஞ்சம் ஒதுங்கிக்குங்" என்று கத்தினேன். ஓட்டுநர் ஒதுக்கினார். ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா, "பாத்துப் போ கண்ணு" என்றது எனக்கு முன்னால் கொஞ்சமும் பின்னால் கொஞ்சமுமாகக் கேட்டது.

அதற்கும் அப்புறம்தான் உண்மையான பயம் வந்தது. அதுவரை நான் பட்டது வெறும் என்னைப் பற்றிய பயம். அம்மா துடைத்தது ஒரு சைக்கிளை அல்ல, இரண்டை. அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். என் நாலு விரலும் முழு பலத்தோடு அமுக்கியும் நிற்காத பிரேக். அவளுக்கு விரலே எட்டாது. எட்டாத அந்த லிவரை மாட்டியவன் நான். எட்டுகிற பழைய லிவரைக் கழற்றி டப்பாவில் போட்டவனும் நான்.

அவளைப் பிடிக்க வேண்டும். பிடிக்க ஒரே வழி, பிரேக்கைத் தொடாமல் இருப்பது. (தொட்டாலும் ஒன்றுதான், ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.) வாழ்நாள் முழுவதும் நிற்பதற்காகவே சைக்கிள் ஓட்டிய நான், லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, குனிந்து, அந்த இறக்கத்தில் மிதித்தேன். ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச்சுவரைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்க்கப் பயந்து, பார்க்காமல் இருக்கவும் பயந்து, "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே போனேன். பனி கொஞ்சம் விலகியது.

ரோட்டோரத்தில் அவள் சைக்கிள் விழுந்து கிடந்தது.

பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. முன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் துப்பட்டா. அக்கா இல்லை.

என்னால் நிற்க முடியவில்லை. அதுதான் இன்றைக்கும் கனவில் வருவது. அந்தச் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நான் கடந்து போனேன். கழுத்தைத் திருப்பி, போய்க்கொண்டே இருந்தேன். லிவரை இரண்டு கையாலும் நொறுங்குகிற மாதிரி அமுக்கிக்கொண்டு, அழுதுகொண்டு, அம்மாவிடம் என்ன சொல்வது என்று முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டு போனேன். பின்னால் பார்த்தவனுக்கு முன்னால் வந்தது தெரியவில்லை.

வந்தது தேயிலை மூட்டைகள். பறித்த பச்சை இலையை வலை மூட்டைகளில் கட்டி, வண்டிக்காக ரோட்டோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். சைக்கிள் அடியில் குத்தி நின்றது. நான் லிவரை விடாமல் மேலே போய், லிவரோடு சேர்ந்து முகம் குப்புற விழுந்தேன். அழகாக உருண்ட அந்த நுனி என் மேல் முன்பல்லில் வந்து முத்தமிட்டது.

முழு அமைதி. வாயெல்லாம் பச்சை இலை. மூட்டைக்குக் காவலிருந்த பெண் எழுந்து வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார்.

"எந்திரிங்க தம்பி. எலை நசுங்குனா ஃபேக்டரியில எடுக்க மாட்டாங்க."

அப்போது மேலே இருந்து ஓடி வருகிற காலடிச் சத்தம். அக்கா. இரண்டு கையிலும் சோப்பு நுரை. ஒரு கீறல் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். அவள் புறப்பட்டதும், சரிவு ஆரம்பிக்கும் முன்பே ஒருமுறை பிரேக்கை அமுக்கிப் பார்த்திருக்கிறாள். பிடிக்கவில்லை. இறங்கி, நடந்தே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். வழியில் ஒரு டீக்கடை. ரிம்மைத் தொட்டு முகர்ந்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடையில் சோப்பு வாங்கி, துப்பட்டாவைக் கழற்றி வைத்து, சைக்கிளைக் கிடத்தி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தவள், தண்ணீர் தீர்ந்ததால் கடைக்குப் பின்னால் போயிருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால், தம்பி அழுதுகொண்டே அம்பு மாதிரிப் போகிறான்.

"நான் கத்துனது கேக்கலையா?"

கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று நேராக உள்ளே போனது. அக்கா என் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முகத்தில் அக்கா போய் டாக்டர் வந்துவிட்டாள்.

"பாதி இல்ல. துண்டு எங்க?"

எங்கேயோ இலைக்குள். அடுத்த சில வாரங்களில் மணமேடை ஏறப்போகிற பெண், மலை ரோட்டில் முட்டி போட்டுத் தேயிலை மூட்டைக்குள் தம்பியின் பல்லைத் தேடினாள். கண்டும் பிடித்தாள். உடைந்த துண்டு காய்ந்துபோகக் கூடாது, பாலில் போட்டு எடுத்துப் போனால் ஒட்டிவிடலாம் என்று சொல்லி, டீக்கடைக்கு ஓடி ஒரு டம்ளர் பால் வாங்கி வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் குட்டியானை வந்து நின்றது. செந்தில் மாமா இறங்கினார். எதிரே கையில் பால் டம்ளரோடு அக்கா, தலை குனிந்து (பல்லைப் பார்த்துக்கொண்டுதான்) நின்றிருந்தாள். மாமாவின் முகம் சிவந்தது. மெல்ல அருகில் வந்து, "இப்பவேங்களா?" என்று சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கி எட்டிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு போன வேகம் என் சைக்கிளுக்குக்கூட வரவில்லை.

வீடு வந்ததும் அம்மா முதலில் அக்காவின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். திருப்தியான பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ பல்லை எங்க கண்ணு போட்டுட்டு வந்தே?" என்றாள். மாமா பவ்யமாக டம்ளரை நீட்டினார்.

பூஜையிலிருந்து எடுத்த சாமான்களை விஜயதசமியன்று அக்கா முதன்முதலாகப் பயன்படுத்தியது என் வாயில்தான். பல்லை ஒட்டினாள். கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் குறுக்கே மெல்லிய கோடு தெரியும். அம்மா இந்தச் சாமான்களிலும் தேங்காய் எண்ணெய் தடவினாளா என்று நடுவில் கேட்கப் போனேன். "பேசாத" என்றாள் டாக்டர். கல்யாண ஆல்பத்தில் நான் ஒரு படத்திலும் வாய் திறந்து சிரிக்கவில்லை. கூட்டத்தில் பெண்ணைப் பெற்ற அம்மாவைவிட நான்தான் அதிகம் கலங்கியிருந்ததாகச் சொந்தக்காரர்கள் இன்னும் பாராட்டுகிறார்கள். வீட்டில் எப்போது தேங்காய் எண்ணெயில் எதைப் பொரித்தாலும், செந்தில் மாமா மூக்கை உறிஞ்சி, "மச்சான் மலை எறங்கறாப்ல இருக்குதுங்க" என்பார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.

இப்போது மறுபடி ஆயுத பூஜை வருகிறது. நாலு விரல் லிவரைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. என் கைக்கு அது. அக்கா கைக்கு எது என்பதை இந்த முறை அவளிடமே கேட்டேன். பல் அச்சு எடுக்கிற மாவைக் குழைத்து, கைப்பிடியில் அப்பி, பிடித்துக் காட்டினாள். அந்த அச்சை வைத்துக்கொண்டு தேடித் தேடி, அதே காலத்து லிவரில் குட்டையானது ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். தூரத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு திருகும் இருக்கிறது. அவள் விரல் எட்டுகிறது. நான் பார்க்கும்போதே மூன்று விரலை மடக்கி அமுக்கிக் காட்டினாள்.

விஜயதசமிக்குக் கோத்தகிரி. அதே ரோடு. புறப்படும் முன் நாலு ரிம்மையும் அவள் கண்ணெதிரே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், நான் முன்னால் போக வேண்டும், அவள் பின்னால் வருவாள், படம் எடுக்க நிற்கக் கூடாது என்று அக்காவின் உத்தரவு. குலதெய்வத்துக்கு இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று லிவர் மாட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா அடுக்களையில் அக்காவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அம்மணி, அவன் மேல ஒரு கீறல் இல்லாம கூட்டியாந்து சேர்த்துப்போடு."